சுமேலாவின் கொட்டாவி

சுமேலாவுக்கு வாய் மூடாது. பேசுவதற்குத் திறந்திருக்கும், பேச்சு இல்லாத நேரத்தில் கொட்டாவிக்குத் திறந்திருக்கும். வெரியா ஊருக்குக் கீழே, பீச் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற டின் பழ ஃபாக்டரியில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவளுடைய கைவேகத்தைப் பற்றிப் பிறகுதான் சொல்வார்கள். அது நியாயமே இல்லை. ஆனால் ஊர் ஒரு ஆளை அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்ளும், என்ன செய்ய.

அந்தக் கொட்டாவி சோம்பலால் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். சுமேலா கண்ணேறு கழிப்பவள். அவளுடைய மாமனார் அனெஸ்டிஸ் படுக்கையில் விழுந்தபோது அதற்கான ஜெபத்தை அவள் காதில் சொல்லிக் கொடுத்தார். ஆண் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும், பெண் ஆணுக்குச் சொல்ல வேண்டும். பெண் பெண்ணுக்குச் சொன்னால் ஜெபம் செத்துப்போகும். தலைவலி என்று யாராவது வந்து நின்றால் சுமேலா உதட்டுக்குள்ளேயே முணுமுணுப்பாள். கண் பட்டிருந்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். லேசாகப் பட்டிருந்தால் ஒன்றோடு போகும். பலமாகப் பட்டிருந்தால் தாடை கழன்றுவிடுமோ என்று பார்ப்பவர்கள் பயப்படும்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும், கண்ணில் நீர் கொட்டும். கொட்டாவி வராவிட்டால், "உனக்கு ஒண்ணும் இல்ல, போய் மாத்திரை போட்டுக்கோ" என்று விரட்டிவிடுவாள். அவ்வளவு நேர்மை.

ஃபாக்டரியில் அவள் இடம் பெல்ட்டின் தலைமாடு. மெஷின் பீச் பழத்தை இரண்டாகப் பிளந்து கொட்டையைத் துப்பும். பாதிப் பாதிப் பழங்கள் மஞ்சள் மஞ்சளாக பெல்ட்டில் ஓடி வரும். இரண்டு பக்கமும் பெண்கள் தலையில் வலை, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டு நின்று, மெஷின் விட்டுவிட்ட கொட்டைத் துணுக்கையும் தோலையும் பொறுக்குவார்கள். தலைமாட்டில் நிற்பவள் கண்ணில்தான் எல்லாப் பழமும் முதலில் படும். எத்தனையோ கோடைகாலமாக அது சுமேலாவின் இடம். அவளுக்கு நேர் எதிரே அவள் சிநேகிதி அனதோலி. இருவரும் பெல்ட்டுக்குக் குறுக்கே ஒரு வெயில்காலம் முழுக்கப் பேசுவார்கள். யாருடைய டிராக்டரை யார் இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை, எந்த மருமகள் எந்த மாமியாருக்குப் புளித்த தயிரை வைத்தாள், எல்லாம் அந்த பெல்ட்டின் மேல்தான் போகும். பழமும் கூடவே போகும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

கை தன்பாட்டுக்கு வேலை செய்ததில்தான் வினை வந்தது. எங்கேயோ வடக்கே, வெளிநாட்டில், ஒரு ஆள் நம் டின்னைத் திறந்து சாப்பிடும்போது கொட்டைத் துணுக்கைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டான். வாங்கியவர்கள் ஒரு லாரிச் சரக்கையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி லாசரோஸ் எல்லாரையும் பெட்டிக் கொட்டகையில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னொரு தடவை டின்னுக்குள்ள பழத்தைத் தவிர வேற ஏதாவது போச்சுன்னா, எலக்ட்ரானிக் கண்ணு வச்ச மெஷினை வாங்கிடுவேன். பெல்ட்ல அப்புறம் ஆளே வேண்டாம். அது பேசாது, காப்பி கேக்காது, கொட்டாவியும் விடாது."

எல்லாரும் சுமேலாவைப் பார்த்தார்கள்.

"அந்தக் கண்ணுக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னா யார்கிட்டக் காட்டுவீங்க முதலாளி?" என்றாள் அவள்.

கொட்டகை சிரித்தது. லாசரோஸும் சிரித்தார். அவர் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த நாளிலிருந்து அவளுக்கு அவரைத் தெரியும். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் மறுபடி கெட்டியானது. மெஷின் விஷயம் விளையாட்டு இல்லை என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வயதுப் பெண்களுக்கு வேறு வேலை எங்கே இருக்கிறது?

மெஷின் வாங்குவதற்கு முன்னால் முதலாளி வேறொரு வழி பார்த்தார். தெசலோனிக்கி நகரத்திலிருந்து மிர்தோ என்று ஒரு பெண்ணை வரவழைத்தார். பேங்க்காரர்களுக்கும் டெலிபோன் கம்பெனிக்காரர்களுக்கும், வேலை செய்யும்போது மனதை வேலையிலேயே வைத்திருப்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தவளாம். ஒல்லியான பெண், காற்றில் பறக்கிற கால்சட்டை, பஞ்சு மாதிரிக் குரல். கண் மட்டும் நல்ல நீலம்.

நீலக் கண். நீலக் கண்ணுக்காரர் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இனிமேல் நடந்ததற்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

முதல் நாள் காலை, ஷிப்ட் தொடங்குவதற்கு முன், கொட்டகையில் பழப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் எல்லாரையும் உட்கார வைத்தாள் மிர்தோ.

"கை பீச் பழத்துல இருக்கும், மனசு மருமக வீட்டுல இருக்கும். அப்படித்தானே? நாம மனசைத் திருப்பிக் கூட்டிட்டு வரப் பழகப் போறோம்."

"என் மருமக வீட்டுல எனக்கே இடம் இல்ல டீச்சரம்மா, என் மனசை எங்க உள்ள விடுவா," என்றாள் சுமேலா.

மிர்தோவும் சிரித்தாள். நல்ல பெண்தான், இதை மறுக்க முடியாது. பிறகு எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாள். மூச்சு உள்ளே போவதைப் பார்க்கச் சொன்னாள், வெளியே வருவதைப் பார்க்கச் சொன்னாள். மூச்சை எப்படிப் பார்ப்பது என்று சுமேலாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் இழுத்தாள், விட்டாள். இழுத்தாள், விட்டாள். அடுத்த இழுப்பில் கொட்டாவி வந்தது. சும்மா வரவில்லை, காது அடைத்துக்கொள்ளும்படி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. கன்னத்தில் நீர் வழிந்தது.

பக்கத்தில் அனதோலி ஒரு கண்ணைத் திறந்தாள். "யாருக்குடி பட்டிருக்கு?"

"தெரியலடி. ஆனா பெருசு. ஆளையே சாய்க்கிற மாதிரி இருக்கு."

அதற்குள் அனதோலிக்கும் கொட்டாவி வந்தது. அவளுக்கு அடுத்தவளுக்கும் வந்தது. கொட்டகை முழுக்க வாய் வாயாகத் திறந்து மூடியது. கொட்டாவி தொற்றும் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அன்று அவர்கள் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மிர்தோ மட்டும் முகம் மலர்ந்து நின்றாள். "ரொம்ப நல்லது. உடம்பு தளருது. வரட்டும், விடுங்க."

"பார்த்தியா, அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்," என்று அனதோலி கிசுகிசுத்தாள்.

அன்று பகலில் கொட்டை எடுக்கிற மெஷின் இரண்டு தடவை சிக்கி நின்றது. அனதோலி கொண்டுவந்த சீஸ் அடைத்த பலகாரம் ஊசிப்போயிருந்தது. ஒருத்திக்குப் படியில் கால் பிசகியது. ஆகஸ்ட் வெயிலில் சீஸ் ஊசாமல் என்ன செய்யும் என்று கேட்க ஒருவரும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: நீலக் கண்ணி, எல்லார் முகத்தையும் உற்று உற்றுப் பார்க்கிறாள், கண்ணை மூடச் சொல்லிவிட்டு வேறு பார்க்கிறாள்.

"அவ கெட்டவ இல்லடி," என்றாள் சுமேலா, நியாயம் பேசுகிறவள் மாதிரி. "அவ கண்ணு அப்படி. அவ என்ன செய்வா பாவம். நாமதான் நம்மளைப் பார்த்துக்கணும்."

மறுநாளிலிருந்து எல்லாரும் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். பெல்ட்டுக்கு மோதிரம் கூடாது, தோடு கூடாது, பாசி மணி கூடாது என்று வாசலிலேயே படம் போட்டு மாட்டியிருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒருத்தி பூண்டுப் பல்லைப் பையில் போட்டு வந்தாள், ஒருத்தி உப்புப் பொட்டலத்தை உள்பாடிக்குள் வைத்தாள், அனதோலி கண் படாமல் காக்கிற நீலக் கண் மணியை வலைத் தொப்பிக்குள் கொண்டையில் முடிந்துகொண்டாள். சுமேலா தன் மணியைக் கால்சட்டை இடுப்புப் பட்டியின் உள்பக்கம் நூலால் கட்டினாள். ஊக்கு குத்தியிருக்கலாம். ஆனால் ஊக்கு இரும்பு. அது தவறி பெல்ட்டில் விழுந்தால் டின் மூடுகிற இடத்தில் இரும்பைக் கண்டுபிடிக்கிற மெஷின் கூச்சல் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடி மணியும் நூலும் எந்த மெஷினுக்கும் தெரியாது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மிர்தோவின் முகத்தை இப்போது யாரும் நேராகப் பார்ப்பதில்லை. அவள் திரும்பியதும் முதுகைப் பார்ப்பார்கள், நன்றாகவே பார்ப்பார்கள், தூ தூ என்று மெல்லத் துப்புவார்கள். பீச் பழச் சுணை தொண்டையில் சிக்கிக்கொண்டதாக்கும் என்று நினைத்து அந்தப் பெண் ஓடி ஓடி எல்லாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். நெற்றியை மட்டும் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே திரிந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. மலைமேல் கோயில் கொண்ட சுமேலா மாதாவின் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் ஒரு நாள், காலைக் காப்பி இடைவேளையில் சுமேலா கழிப்பறைக்குப் போனாள். வழக்கம்போல் இடுப்புப் பட்டிக்குள் விரலை விட்டு மணியைத் தொட்டாள். நூல் இருந்தது. மணி இல்லை.

அவள் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். காலையில் மூச்சு வகுப்பில் தொட்டபோது இருந்தது. அதற்குப் பிறகு நின்றது பெல்ட்டின் தலைமாட்டில், குனிந்தபடியே. ஒரு கொண்டைக்கடலை அளவு கண்ணாடி. பழத்தோடு பழமாக ஓடி, பாகுக்குள் விழுந்து, டின்னுக்குள் போய், மூடியும் போட்டாகியிருக்கும். எந்த மெஷினும் கத்தியிருக்காது. அந்தப் புத்திசாலித்தனத்தை அவள் இப்போது நினைத்துப் பார்த்தாள்.

"மாதாவே, உன் பேரை வச்சிருக்கேன். அதைக் கண்ணுல காட்டு. திருவிழா அன்னைக்குச் செருப்பில்லாம மலை ஏறி உன்கிட்ட வர்றேன்," என்று நேர்ந்துகொண்டாள். அவள் கால் இருந்த நிலைக்கு அது பெரிய நேர்ச்சைதான். பெருவிரல் மூட்டு வெங்காயம் மாதிரி புடைத்திருந்தது, உள்ளங்கால் முழுக்க ஆணி. காலை முதல் மாலை வரை ஈரத் தரையில் நின்று நின்று, வலிக்கிறதா என்று அவற்றைக் கேட்பதையே அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

திரும்பி பெல்ட்டுக்கு வந்தாள். ஒருவேளை மணி இன்னும் மேலே, மெஷின் வாயில் எங்காவது தங்கியிருந்து இனிமேல் வந்தாலும் வரலாம். கண்ணை பெல்ட்டில் நட்டாள்.

அனதோலி தொடங்கினாள். "கேட்டியா, அந்த ஸ்தாத்திஸ் பொண்டாட்டி..."

"அனதோலி. வாயை மூடு."

அனதோலி ஈரக் கையுறையோடு எட்டி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே?"

சுமேலா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பழமாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கொட்டை இருந்த குழியில் ஒன்றில் செம்மண் நிறம், ஒன்றில் மருதாணிச் சிவப்பு, ஒன்றில் வெறும் மஞ்சள். இத்தனை கோடைகாலமும் இதைத்தான் தொட்டுக்கொண்டிருந்தோமா என்று இருந்தது. மணி வரவில்லை. ஆனால் கொட்டைத் துணுக்கு வந்தது. வந்துகொண்டே இருந்தது. பொறுக்கிப் பொறுக்கி அவள் பக்கெட் நிறைந்தது. தினமும் இத்தனை துணுக்கா வந்துகொண்டிருந்தது, இவற்றையெல்லாம் யார் யார் பல்லில் பட விட்டோம் என்று அவளுக்கே திகைப்பாகிவிட்டது. இதை அவள் அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை.

மேலே இரும்புப் பாலத்தில் லாசரோஸும் மிர்தோவும் வந்து நின்றார்கள். சுமேலா பேசாமல் நிற்கிறாள் என்ற செய்தி ஆபீஸ் வரைக்கும் போயிருந்தது. மிர்தோ இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முதலாளி கீழே இறங்கி வந்து பக்கெட்டை எட்டிப் பார்த்தார்.

"சுமேலாக்கா, இதைத்தானே நான் கேட்டேன். மத்தவங்களும் உன்னை மாதிரி பழகிட்டா அந்த மெஷினே வேண்டாம்னு எழுதிடுவேன்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். ஊரே அடைக்க முடியாத அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவர் அவள் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் குடமிளகாய்க்குள் சோறு அடைத்துக் கொண்டுவந்ததைத் தொடவே இல்லை. அனதோலியை மட்டும் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

அனதோலிக்கு முகம் வெளுத்தது. கை தானாகத் தன் கொண்டைக்குப் போனது, அவளுடையது இருந்தது. "சின்ன மணிதானே. எந்த டின்னுன்னு யாருக்குத் தெரியும்? பேசாம இரு."

"யாரோ ஒரு பிள்ளை கடிச்சுட்டா? கண்ணாடிடி அது. வயித்துக்குள்ள போனா?"

"சொன்னா நாம எல்லாரும் வீட்டுக்குப் போகணும். அதை யோசிச்சியா?"

"காலையில இருந்து அதைத்தான் யோசிக்கிறேன்."

"அப்ப பயிற்சி பண்ணலையா நீ?"

"எந்தப் பயிற்சி? பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு."

அனதோலி சிரித்துவிட்டாள். சுமேலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் லாரி வந்து அன்றைய டின்களை ஏற்றிக்கொண்டு போகும். அதற்குமுன் முதலாளியிடம் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். தலைமாட்டு இடம் போகட்டும், வேலையும் போகட்டும். அனதோலி என்ன சொன்னாலும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற மத்தியான வகுப்பு முடிந்ததும் நேராக ஆபீஸ். முடிவு செய்ததும் ஏனோ அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

வகுப்பில் பெட்டிமேல் உட்கார்ந்தாள். பின்வரிசையில் லாசரோஸ் வந்து நின்றார், மிர்தோவின் கெட்டிக்கார மாணவியைப் பார்ப்பதற்கு. மிர்தோ நெற்றியை அழுத்திவிட்டுக்கொண்டு பேசினாள்.

"இன்னைக்கு மூச்சை மட்டும் இல்ல, உடம்பையே சுத்தி வரப் போறோம். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி ஒவ்வொரு இடமாப் போய், எப்படி இருக்கேன்னு விசாரிங்க. எதையும் சரி பண்ண வேண்டாம். விசாரிச்சாப் போதும்."

மற்ற நாளாக இருந்தால் சுமேலா உச்சந்தலையிலேயே தூங்கியிருப்பாள், இல்லாவிட்டால் கொட்டாவியைக் கவனித்துக்கொண்டிருப்பாள். அன்று அவளிடம் யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சொன்ன இடத்துக்கெல்லாம் போனாள். தலையை விசாரித்தாள். தோளை விசாரித்தாள், தோள் ஒரு பாட்டம் அழுதது. இடுப்பு, முழங்கால் என்று இறங்கினாள்.

"இப்ப பாதம். எல்லாரும் மறந்துபோற இடம். வலது பாதம்... இடது பாதம்... ஒவ்வொரு விரலா."

இடது பாதத்துக்கு வந்தபோது சுமேலாவுக்கு வெட்கமாக இருந்தது, ரொம்ப நாளாகப் போகாத வீட்டுக்குப் போன மாதிரி. பெருவிரல் மூட்டு தன் கதையைச் சொன்னது. நடு விரல்கள் மரத்துக் கிடந்தன. சுண்டுவிரலுக்கு அடியில் ஏதோ உருண்டையாக இருந்தது. புது ஆணி போல என்று நினைத்தாள். விரலை மடக்கினாள். அது உருண்டது.

ஆணி உருளுமா?

"மாதாவே!"

கொட்டகைக்கே தூக்கிவாரிப் போட்டது. சுமேலா பெட்டியோடு சரிந்து இடது பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. அனதோலி குதிகாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். பூட்ஸ் கழன்று வந்த வேகத்தில் அவளும் அதோடு போய் விழுந்தாள். கம்பளிக் காலுறையின் ஓட்டையிலிருந்து நீல மணி துள்ளி, சிமெண்டுத் தரையில் டக் டக் என்று குதித்து, உருண்டு உருண்டு போய் முதலாளியின் ஷூவில் முட்டி நின்றது.

இடுப்பிலிருந்து கால்சட்டைக்குள் விழுந்து, பூட்ஸுக்குள் இறங்கி, காலையிலிருந்து அவள் காலடியிலேயே இருந்திருக்கிறது.

லாசரோஸ் குனிந்து எடுத்தார். மணியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றாள் சுமேலா தரையில் உட்கார்ந்தபடியே. "காலையில காணாமப் போச்சு. டின்னுக்குள்ள போயிடுச்சுன்னு பயந்துதான் பேசாம நின்னேன். பயிற்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. லாரி ஏத்துறதுக்கு முன்னால உங்ககிட்டச் சொல்லத்தான் இருந்தேன். நம்பினா நம்புங்க."

அவர் முகம் பீச் பழத்தின் வெயில்பட்ட பக்கம் மாதிரி சிவந்தது. ஒரு காலிப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தார். "எல்லாரும் வச்சிருக்கிறதைப் போடுங்க. ஒண்ணு விடாம."

 முதலில் அனதோலி கொண்டையை அவிழ்த்தாள். அப்புறம் பையிலிருந்தும் தொப்பியிலிருந்தும் சட்டைக்குள்ளிருந்தும் விழ ஆரம்பித்தது. மணிகள், உப்புப் பொட்டலங்கள், சிலுவை தைத்த துணிப்பை. சேர்ந்த பூண்டில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம். யாருடையதாவது குறைகிறதா என்று அவர் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எல்லாம் இருந்தது. கடைசியில் அனதோலி தொண்டையைச் செருமினாள்.

"முதலாளி, உங்க சாவிக்கொத்துல?"

லாசரோஸ் சாவிக்கொத்தைப் பார்த்தார். அதில் அவர் அம்மா மாட்டிக் கொடுத்த நீலக் கண் தொங்கியது. கழற்றிப் பெட்டியில் போட்டார். அவருக்கே உதட்டோரம் துடித்தது.

"எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டாள் மிர்தோ.

 அனதோலிதான் சொன்னாள். "உங்க கண்ணுக்குத்தான் டீச்சரம்மா. கோவிச்சுக்காதீங்க."

மிர்தோ அப்படியே ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். "என் கண்ணுக்கா? வந்த நாள்ல இருந்து எனக்குத்தான் தலை வெடிக்குது. ஏன்னே தெரியல. மாத்திரைக்கும் கேக்க மாட்டேங்குது."

சுமேலா தலையை நிமிர்த்தினாள். ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஓட்டைக் காலுறையுமாக நொண்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தாள். கையைப் பிடித்தாள். உதடு அசைந்தது. முதல் கொட்டாவி வந்தது. அடுத்தது வந்தது. கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. இப்படியொரு கொட்டாவியை அந்த ஃபாக்டரியில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு வெற்றியோடு திரும்பினாள்.

"பார்த்தீங்களா? கண்ணு இருக்குன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"நம்ம மேலன்னுல்ல சொன்னே?" என்றாள் அனதோலி. "நாம எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளை முதுகையே முறைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

"திசைதான் கொஞ்சம் மாறிப்போச்சு. விஷயம் சரிதானே?"

மிர்தோ நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வலி போயிருந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்ததால்கூட இருக்கலாம். மூச்சை நீளமாக விட்டதால் போயிற்று என்பது அவள் கட்சி. ஜெபத்தால் போயிற்று என்பது சுமேலாவின் கட்சி. இருவரும் இதைப் பற்றிப் பேசிப் பேசி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

லாசரோஸ் மணியை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சுமேலாக்கா, நாளையிலிருந்து நீ பெட்டி கழுவுற இடத்துக்குப் போ."

சிரிப்பெல்லாம் நின்றது. சுமேலா தலையை ஆட்டினாள். வாதாடவில்லை, அதற்கு வழியும் இல்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டாள். அவர் வாசல்வரை போய், அங்கே அவள் கொண்டுவந்து வைத்திருந்த பக்கெட் பக்கத்தில் நின்றார். நிறைந்து மேலே குவிந்திருந்த துணுக்கைப் பார்த்தார். திரும்பினார்.

"இன்னைக்குக் காலையில பார்த்த மாதிரி தினமும் பார்ப்பியா? பார்ப்பேன்னா பெல்ட்டு. இல்லேன்னா பெட்டி."

"பேசாமலா?"

"பேசாமத்தான். பேச்செல்லாம் காப்பி நேரத்துல."

சுமேலா அனதோலியைப் பார்த்தாள். அனதோலி அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அது லேசான விஷயம் இல்லை, நீங்கள் சிரிக்காதீர்கள்.

"கொட்டாவி?" என்று கேட்டாள் சுமேலா.

"அதுக்கு அனுமதி உண்டு."

மணி கொண்டுவந்ததற்காக யாருக்கும் வேலை போகவில்லை. மெஷின் அந்த வருஷம் வரவில்லை. சுமேலா தலைமாட்டில் நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, காலை முழுக்கப் பழத்தை மட்டும் பார்த்தாள். காப்பி நேரத்தில் அவளுக்கும் அனதோலிக்கும் நடுவில் போய் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவு சேர்ந்துபோயிருந்தது.

நேர்ச்சை ஒன்று பாக்கி இருந்தது. கேட்டதை மாதா காட்டிவிட்டாள், அதுவும் காலடியிலேயே காட்டினாள். இனி தப்பிக்க முடியாது. திருவிழா அன்று, தன் பெயர்கொண்ட மாதாவின் நாள் என்பதால் தன் பெயர்நாளும் அதுதான், விடிந்ததும் சுமேலா செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினாள். அனதோலி நல்ல ஷூ போட்டுக்கொண்டு பூசணி விதை கொறித்தபடி கூட வந்தாள், சாட்சிக்கு. மிர்தோவும் வந்தாள். வந்தவள் சும்மா வருவாளா?

"மெதுவா நடங்க. ஒவ்வொரு அடியும் தரையில படுறதைக் கவனிங்க."

"கவனிக்காம எப்படி இருக்கறது? கல்லு ஒவ்வொண்ணும் தன் பேரைச் சொல்லிட்டுத்தான் என்னை விடுது."

ஒரு வளைவு தாண்டினார்கள். கீழே தோப்புகள் தெரிந்தன, ஃபாக்டரியின் தகரக் கூரை வெயிலில் மின்னியது. சுமேலா கொஞ்ச நேரமாகவே பேசவில்லை. அனதோலி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். மிர்தோ மெல்ல, அந்தப் பஞ்சுக் குரலில் கேட்டாள்.

"இப்ப மனசு எங்க இருக்கு?"

"காலுலதான்," என்றாள் சுமேலா. "அது வேற எங்கயும் போக விட்டாத்தானே."